செப்டிக் ஷாக்கில் லாக்டேட் எப்படிக் குறைகிறது: வார்டிலும் ஐசியூவிலும் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகள் பாதிக்கப்படுவது செப்சிஸ்; அதில் ரத்த ஓட்டமே நிலைகுலைவது செப்டிக் ஷாக். அப்படிச் சொல்வதற்கே இன்று ரத்தத்தில் லாக்டேட் (குளுக்கோஸ் உடையும்போது உருவாகும் பொருள்) அளவு வேண்டும். 2016இல் வந்த செப்சிஸ்-3 வரையறைப்படி, போதுமான திரவம் ஏற்றிய பிறகும் சராசரி ரத்த அழுத்தத்தை (ஐசியூ பேச்சில் மேப்) 65 மி.மீ. பாதரசத்தில் நிறுத்த ரத்தக்குழாய் சுருக்கும் மருந்து தேவைப்பட வேண்டும். லாக்டேட்டும் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மருத்துவமனையிலேயே இறந்துபோகிறார்கள். அதனால்தான் அந்த எண் இறங்குகிறதா என்று மணிக்கணக்கில் காத்திருந்து பார்க்கிறோம்.

எண் எதனால் இறங்குகிறது என்பது தெரியாமல் அதைத் துரத்தினால் ஆபத்து. லாக்டேட் 3இல் நின்றுவிட்டது என்பதற்காக மட்டும் இன்னொரு லிட்டர் சலைன், அதன்பின் இன்னொன்று என்று ஏற்றி, நுரையீரலிலும் கல்லீரலிலும் நீரைத் தேக்கிவிடுவது ஐசியூக்களில் அடிக்கடி நடக்கும் தவறு. பயிற்சி மருத்துவர்களும் ஐசியூ செவிலியர்களும் அந்தத் தவறைத் தவிர்க்க உதவ வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம். மருந்து அளவுகளைப் பெரியவர்களுக்கானவையாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் யூனிட்டின் நெறிமுறை வேறாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

லாக்டேட் எங்கே போகிறது

லாக்டேட் ஆரோக்கியமான உடலிலும் ஓயாமல் உருவாகிறது. கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 மில்லிமோல் என்று கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஒரு நாளில் 1200 மில்லிமோல், மணிக்கு 50. தசை, தோல், மூளை, குடல் எல்லாம் இதைத் தருகின்றன. ரத்தச் சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியா (ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் செல் உறுப்பு) கிடையாது. அவை குளுக்கோஸை லாக்டேட் வரை மட்டுமே உடைக்க முடியும். இவ்வளவு உருவாகியும் ரத்த அளவு 1 மில்லிமோலை ஒட்டியே நிற்கிறது என்றால், உருவாகும் வேகத்திலேயே அது செலவாகியும் விடுகிறது என்று பொருள்.

செலவாகும் இடங்களில் முதன்மையானது கல்லீரல். ஏறத்தாழ 60 சதவீதம் அங்கே போகிறது. சுமார் 30 சதவீதத்தைச் சிறுநீரகத்தின் புறணிப் பகுதி எடுத்துக்கொள்கிறது. இதயமும், வேலை குறைந்த தசை நார்களும் மீதியை எரிக்கின்றன. சிறுநீரகம் லாக்டேட்டைச் சிறுநீரில் கொட்டிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ரத்த அளவு மிகவும் ஏறாதவரை சிறுநீரில் போவது சொற்பம். சிறுநீரகமும் கல்லீரலைப் போலவே லாக்டேட்டைக் குளுக்கோஸாக்குகிறது, அல்லது எரிக்கிறது.

கல்லீரல் செல்லுக்குள் லாக்டேட் ஒரு கடத்திப் புரதத்தின் வழியாக, ஒரு ஹைட்ரஜன் அயனியையும் கூட்டிக்கொண்டு நுழைகிறது. உள்ளே லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் நொதி அதைப் பைருவேட் ஆக்குகிறது. அங்கிருந்து இரண்டு பாதைகள். ஒன்று, பைருவேட் ஆக்சலோஅசிடேட்டாகி, பல படிகள் ஏறி மீண்டும் குளுக்கோஸாவது. இதைக் கண்டறிந்த கார்ல், கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரால் இது கோரி சுழற்சி. 1947இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு லாக்டேட்டிலிருந்து ஒரு குளுக்கோஸ் செய்ய கல்லீரல் 6 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவழிக்க வேண்டும். அதே குளுக்கோஸைத் தசை லாக்டேட்டாக உடைக்கும்போது கிடைப்பது 2 மட்டுமே. ஆகவே இந்தப் பாதை ஓட, கல்லீரலுக்கு ஆக்சிஜனும் எரிபொருளும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். இரண்டாவது பாதையில் பைருவேட், பைருவேட் டீஹைட்ரஜனேஸ் நொதியால் அசிடைல் கோஏ ஆகி, மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீருமாகிறது. இந்த நொதி வேலை செய்யத் தயமின், அதாவது வைட்டமின் பி1, கட்டாயம் வேண்டும்.

எந்தப் பாதையில் போனாலும் ஒவ்வொரு லாக்டேட்டும் தன்னுடன் ஒரு ஹைட்ரஜன் அயனியை அழித்துவிட்டே போகிறது. அதனால்தான் நோயாளி தேறும்போது, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டை நாம் கொடுக்காமலேயே அதன் அளவு தானாக ஏறுகிறது.

செப்சிஸில் எது கெடுகிறது

1843இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க்கில் யோஹான் யோசப் ஷெரர், பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கண்டறிந்து எழுதினார். அதற்குப் பின் வெகுகாலம் ஆக்சிஜன் பற்றாக்குறை ஒன்றே காரணம் என்று கருதப்பட்டது. இன்று நமக்குத் தெரிந்த படம் இன்னும் விரிவானது.

உற்பத்திப் பக்கத்தில், ரத்த ஓட்டம் குறைந்த திசுக்களில் ஆக்சிஜன் இல்லாமல் லாக்டேட் கூடுவது உண்மைதான். அதோடு, உடலில் பொங்கும் அட்ரினலின் தசையின் பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டுகிறது. சோடியம்-பொட்டாசியம் பம்ப் வேகமாகச் சுற்றுகிறது. அதற்கு ஏடிபி கொடுக்கக் குளுக்கோஸ் வேகமாக உடைகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் லாக்டேட் குவிகிறது. இது பழுது அல்ல, நெருக்கடிக்கு உடல் காட்டும் எதிர்வினை. அந்த லாக்டேட்டை இதயம் எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. வீக்கப் பொருட்கள் பைருவேட் டீஹைட்ரஜனேஸை அடக்கிவிடுவதால் எரியும் பாதையும் குறுகுகிறது.

செலவுப் பக்கத்தில், குடலுக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் குறைகிறது. கல்லீரல் செல்லில் குளுக்கோஸ் செய்யும் நொதிகளை எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சு தடுக்கிறது. கடும் அமிலத்தன்மையில் கல்லீரல் லாக்டேட்டை எடுப்பதை நிறுத்தி, சில நேரம் தானே வெளியிடவும் தொடங்கிவிடும். ரத்த அழுத்தம் சீராகிவிட்ட செப்சிஸ் நோயாளிகளுக்கு லாக்டேட் ஏற்றிப் பார்த்த ஆய்வுகள், லாக்டேட் லேசாக மட்டும் உயர்ந்து நிற்பவர்களில் உற்பத்தி கூடியதை விட வெளியேற்றம் குறைந்ததே முக்கியக் காரணம் என்று காட்டின.

ஆக, நாம் காணும் எண் ஒரு தொட்டியின் நீர்மட்டம். உள்ளே வரும் குழாயும் வெளியேறும் குழாயும் தெரியாது. மட்டம் மட்டுமே தெரியும். வெளியேற்றம் மாறாமல் உற்பத்தி அடங்கினாலும் எண் இறங்கும். பின்வரும் படிகள் எல்லாம், எந்தக் குழாயில் சிக்கல் என்று ஊகித்து அதைச் சரிசெய்வதற்கானவை.

படி 1: சரியான ரத்தம் எடுங்கள்

தவறான மாதிரியில் தொடங்கினால் மற்ற எல்லாமே வீண். ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) தடவிய ஏபிஜி, அதாவது தமனி ரத்த வாயுச் சோதனை, சிரிஞ்சில் தமனி ரத்தம் எடுத்து, 15 நிமிடத்துக்குள் ஏபிஜி இயந்திரத்தில் போடுங்கள். தாமதமாகும் என்றால் சிரிஞ்சை ஐஸில் வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாயில் அனுப்புங்கள். சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் கிடந்தால் சிவப்பணுக்கள் குளுக்கோஸை உடைத்துக்கொண்டே இருக்கும். லாக்டேட் பொய்யாக ஏறும். வெள்ளணுக்கள் மிக அதிகமாக உள்ளவருக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

சிரை ரத்தமும் போதும், ஆனால் அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். சிரையில் எண் சரியாக இருந்தால் தமனியிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிரையில் உயர்ந்திருந்தால் தமனியில் உறுதிசெய்யுங்கள். கையில் இறுக்குப்பட்டையை நீண்ட நேரம் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லி எடுக்காதீர்கள். ரிங்கர் லாக்டேட் (லாக்டேட் கலந்த சிரைவழித் திரவம்) ஏறும் அதே கையில் எடுக்கவே கூடாது. முதல் மாதிரி தமனி என்றால் அடுத்தடுத்தவையும் தமனியாகவே இருக்கட்டும்.

அலகையும் பாருங்கள். நம் ஊர் ஆய்வகங்கள் சில மி.கி./டெசிலிட்டரில் தருகின்றன. 9ஆல் வகுத்தால் மில்லிமோல்: 36 மி.கி. என்றால் 4 மில்லிமோல். 18 என்ற எண்ணைப் பார்த்து 18 மில்லிமோல் என்று பதறியதும் உண்டு, 36 மி.கி. என்ற தாளை ஏறிட்டும் பார்க்காமல் விட்டதும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்தானது.

படி 2: செப்சிஸ் தவிர வேறு என்ன என்று கேளுங்கள்

கேஸ் ஷீட்டையும் மருந்துப் பட்டியலையும் ஒரு முறை படித்தால் போதும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து எடுப்பவரா? அது கல்லீரலில் லாக்டேட் குளுக்கோஸாகும் பாதையையே அடைக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தால் மருந்து உடலில் தங்கி நிலைமை மோசமாகும். மருத்துவமனையில் சேர்க்கும்போதே அதை நிறுத்துங்கள். சற்று முன் வலிப்பு வந்ததா? வலிப்பால் ஏறிய லாக்டேட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே இறங்கிவிடும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் நெபுலைசேஷன், அட்ரினலின் டிரிப் இரண்டும் பீட்டா-2 வழியாக லாக்டேட்டை ஏற்றும். லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் நாட்கணக்கில் ஓடினால் மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கலாம். மதுப் பழக்கம், ஊட்டச்சத்துக் குறைவு, நீண்டகால வாந்தி இருந்தால் தயமின் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் தெரிவதை விட நோயாளி சொல்லும் வலி மிகக் கடுமையாக இருந்தால், குடல் அழுகல் நினைவுக்கு வர வேண்டும்.

படி 3: ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள்

2021ஆம் ஆண்டின் சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டுதல் முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. திரவம் என்று பரிந்துரைக்கிறது. அதுவும் வலுவான பரிந்துரை அல்ல. 60 கிலோவுக்கு 1800 மி.லி. இதை 250 முதல் 500 மி.லி. வரையான தவணைகளாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின் பலன் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிங்கர் லாக்டேட் கொடுத்தால் லாக்டேட் ஏறாதா என்ற கேள்வி வார்டில் ஓயாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் சுமார் 28 மில்லிமோல், 1800 மி.லி.யில் 50. அந்த நோயாளியின் உடல் நலமாக இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் கையாளும் அளவு அது. மேலும் அது சோடியத்துடன் வருகிறது, அமிலத்துடன் அல்ல. எரிந்து முடிந்ததும் மிஞ்சுவது பைகார்பனேட். கல்லீரல் முழுதாகச் செயலிழந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

முதல் தவணைகள் முடிந்த பிறகு, இன்னும் திரவம் உதவுமா என்பதைச் சோதித்துவிட்டே கொடுங்கள். கட்டிலின் தலைப்பக்கம் 45 பாகை உயர்ந்திருக்கும் நிலையிலிருந்து, உடலைச் சமமாக்கிக் கால்களை 45 பாகை உயர்த்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் 10 சதவீதமாவது கூடினால் திரவம் உதவும். கூடாவிட்டால் அடுத்த பாட்டிலைத் தொங்கவிடாதீர்கள். மையச் சிரை அழுத்தம் ஏறினால் கல்லீரலிலிருந்து ரத்தம் வடிவது தடைபடும். லாக்டேட்டைச் செலவழிக்க வேண்டிய உறுப்பையே நாம் நெருக்குகிறோம்.

மேப் 65க்குக் கீழே இருந்தால் திரவம் முடியும்வரை காத்திருக்காமல், ரத்தக்குழாய் சுருக்கும் நார்அட்ரினலினைத் தொடங்குங்கள்: கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 முதல் 0.1 மைக்ரோகிராம். மையச் சிரைக் குழாய் போடும்வரை முழங்கை மடிப்பில் உள்ள நல்ல சிரை வழியே கொடுக்கலாம்; ஊசி முனையை அடிக்கடி பாருங்கள். அளவு 0.25 முதல் 0.5 வரை போனால் இன்னொரு சுருக்கும் மருந்தான வாசோபிரெசின் நிமிடத்துக்கு 0.03 யூனிட் சேர்க்கலாம். 0.25க்கு மேல் 4 மணி நேரம் நீடித்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு 50 மி.கி. 6 மணிக்கொரு முறை. அட்ரினலின் தேவைப்பட்டால் தயங்காமல் கொடுங்கள். அதன்பின் லாக்டேட்டை வைத்து முடிவெடுப்பதை மட்டும் நிறுத்திவையுங்கள், முதல் நாளில் அந்த எண் ஏமாற்றும்.

ஓட்டம் திசுவரை போகிறதா என்பதற்குச் செலவே இல்லாத சோதனை கேப்பில்லரி ரீஃபில். வலது ஆள்காட்டி விரலின் நுனியில், உள்ளங்கைப் பக்கம், நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டை வைத்துத் தோல் வெளுக்கும்வரை அழுத்துங்கள். அதே அழுத்தத்தில் 10 விநாடி வைத்து விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ஓட்டம் போதவில்லை. அறை குளிராக இருந்தால், கை சில்லிட்டிருந்தால் இதை நம்பாதீர்கள். 2019இல் வெளிவந்த ஆண்ட்ரோமீடா-ஷாக் ஆய்வு, லத்தீன் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 நோயாளிகளிடம் இதையும் லாக்டேட்டையும் ஒப்பிட்டது. 28 நாட்களில் இறந்தவர்கள் ரீஃபில் வழி நடத்தப்பட்ட குழுவில் 34.9 சதவீதம், லாக்டேட் குழுவில் 43.4 சதவீதம். புள்ளியியல்படி அந்த வேறுபாடு எல்லையைத் தொடவில்லை. ஆனாலும் விரல்நுனிச் சோதனை லாக்டேட்டுக்குக் குறைந்ததல்ல என்று சொல்ல இது போதும்.

படி 4: தொற்றின் ஊற்றை அடையுங்கள்

ரத்தக் கல்ச்சர் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக். சீழ் இருந்தால் வடிக்க வேண்டும், அடைத்த சிறுநீர்க் குழாய் இருந்தால் திறக்க வேண்டும், அழுகிய குடல் இருந்தால் வெட்ட வேண்டும். முடிந்தவரை 6 முதல் 12 மணி நேரத்துக்குள். வீக்கம் அடங்காதவரை அட்ரினலின் பொங்கிக்கொண்டே இருக்கும், உற்பத்திக் குழாய் மூடாது. இரவு பத்து மணிக்கு அறுவை மருத்துவரை அழைக்கத் தயங்கி, விடியும்வரை திரவத்தை மாற்றி மாற்றி ஏற்றுவதில் பலனில்லை.

படி 5: கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வழிவிடுங்கள்

ரத்தச் சர்க்கரையை மணிக்கொரு முறை பாருங்கள். லாக்டேட் ஏறிக்கொண்டும் சர்க்கரை இறங்கிக்கொண்டும் இருந்தால், கோரி சுழற்சி நின்றுவிட்டது, கல்லீரல் தோற்கிறது என்று பொருள். இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறில்லை. உடனே டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்து, கல்லீரல் நிலையைக் காட்டும் ஐ.என்.ஆர்., பிலிரூபின் சோதனைகளுக்கு ரத்தம் அனுப்பி, மூத்த மருத்துவரை அழையுங்கள்.

தயமின் பற்றாக்குறை சந்தேகம் இருந்தால் 200 மி.கி. சிரைவழி நாளுக்கு இருமுறை, டெக்ஸ்ட்ரோஸுக்கு முன்பே கொடுங்கள். சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தால் தயமினுக்காக டெக்ஸ்ட்ரோஸைத் தாமதிக்க வேண்டாம். 2016இல் 88 செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் பலனில்லை. பற்றாக்குறை இருந்தவர்களில் மட்டும் 24 மணி நேரத்தில் லாக்டேட் குறைவாக இருந்தது.

படி 6: மீண்டும் எடுத்து, வளைவைப் படியுங்கள்

முதல் எண் 2க்கு மேல் என்றால் 2 மணி நேரத்தில் மீண்டும் எடுங்கள். முதல் 6 முதல் 8 மணி நேரம் இப்படித் தொடருங்கள். கணக்கு எளிது: முதல் எண்ணிலிருந்து பிந்தைய எண்ணைக் கழித்து, முதல் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 2 மணி நேரத்துக்கு 20 சதவீதம் என்பது பரவலான இலக்கு. 2010இல் 300 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு, குறைந்தது 10 சதவீத இறக்கத்தை இலக்காக வைப்பது மையச் சிரை ஆக்சிஜனை 70 சதவீதமாக்குவதை இலக்காக வைப்பதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது.

எடுத்துக்காட்டாக, சிறுநீரகத் தொற்றுடன் வந்த 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முதலில் 6.2. இரண்டு மணி நேரத்தில் 4.9 என்றால் 21 சதவீதம். ஆறாவது மணியில் 3.4 என்றால் 45 சதவீதம். பன்னிரண்டாவது மணியில் 2.6. இப்போது வேகம் குறைந்துவிட்டது. கேப்பில்லரி ரீஃபில் 2 விநாடி, சிறுநீர் போகிறது, நார்அட்ரினலின் குறைந்துவருகிறது. இங்கேதான் கை பரபரக்கும், இன்னும் 500 மி.லி. கொடுத்தால் என்ன என்று. கொடுக்காதீர்கள். வளைவின் முதல் வேகமான பகுதி ரத்த ஓட்டம் சீரானதால் வந்தது. பின்னால் வரும் மெதுவான வால், அட்ரினலின் தூண்டலும் சோர்ந்த கல்லீரலும் மெல்லத் தேறுவதால் வருவது. அதைத் திரவத்தால் விரைவாக்க முடியாது. பிழைத்துக்கொள்ளும் நோயாளிகளிலும் பலருக்கு 24 மணி நேரம் கழிந்தும் எண் 2க்குக் கீழே வந்திருக்காது.

2.4இலிருந்து 2.2க்கு வந்ததை 8 சதவீதம்தான் என்று தோல்வியாக எழுதாதீர்கள். எண் சிறிதாக இருக்கும்போது சதவீதம் பொருளற்றது.

மாறாக எண் இறங்கவே இல்லை, ரீஃபில்லும் 4 விநாடி என்றால் ஓட்டம்தான் குறை. மையச் சிரை ஆக்சிஜன் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, சிரைக்கும் தமனிக்கும் கார்பன் டை ஆக்சைடு வேறுபாடு 6 மி.மீ.க்கு மேலா என்று பாருங்கள். எக்கோவில் இதயம் சோர்ந்திருந்தால், அதன் துடிப்பின் வலுவைக் கூட்டும் டோபுடமின் பற்றி யோசிக்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் ரத்தம் ஏற்றுவது பற்றி.

எண்ணை மட்டும் இறக்கும் வழிகள்

பைகார்பனேட் லாக்டேட்டை வெளியேற்றாது. பிஎச் (ரத்தத்தின் அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 7.2 அல்லது அதற்குக் கீழே இருந்து, சிறுநீரகமும் கணிசமாகப் பாதித்திருந்தால் மட்டுமே அதற்கு இடமுண்டு.

டயாலிசிஸ் லாக்டேட்டைக் கழுவிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. தொடர் டயாலிசிஸில் அளந்து பார்த்தபோது, உடல் தானே வெளியேற்றுவதுடன் ஒப்பிட்டால் வடிகட்டியின் பங்கு 3 சதவீதத்துக்கும் குறைவு. அமிலத்தையும் பொட்டாசியத்தையும் நீரையும் சரிசெய்ய டயாலிசிஸ் வேண்டும்; அதற்காகச் செய்யுங்கள். விதிவிலக்கு மெட்ஃபார்மின் நச்சு: லாக்டேட் 20க்கு மேல், அல்லது பிஎச் 7.0 அல்லது அதற்குக் கீழே, அல்லது வழக்கமான சிகிச்சை பலிக்கவில்லை என்றால் டயாலிசிஸ் அந்த மருந்தையே நீக்கும்.

டைகுளோரோஅசிடேட்டின் கதை இன்னும் கற்பிக்கிறது. பைருவேட் டீஹைட்ரஜனேஸைத் திறந்துவிடும் மருந்து அது. 1992இல் வெளிவந்த ஆய்வில் 252 நோயாளிகளுக்கு அதையோ போலி மருந்தையோ கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து கிடைத்தவர்களுக்கு லாக்டேட் இறங்கியது, பிஎச் ஏறியது. உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை மாறவில்லை.

எண் மீண்டும் ஏறினால்

இறங்கி வந்த லாக்டேட் இரண்டாம் நாளில் திரும்ப ஏறுவதை எப்போதும் புதிய சம்பவமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மாதிரி சரியா, புதிதாக அட்ரினலினோ நெபுலைசேஷனோ தொடங்கினார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வயிற்றைத் தொடுங்கள்: நார்அட்ரினலின் உயர்ந்த அளவில் ஓடிய நோயாளிக்குக் குடலில் ரத்தம் தடைபட்டிருக்கலாம். பொருத்திய வடிகுழாய் அடைத்திருக்கலாம், புதிய தொற்று வந்திருக்கலாம், கல்லீரல் நொதிகள் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கலாம். ஷிஃப்ட் மாறும்போது கடைசி எண்ணை மட்டும் சொல்லாமல், கடைசி மூன்று எண்களையும் நேரங்களையும், ஒவ்வொன்றின் போதும் இருந்த ரீஃபில் விநாடியையும் நார்அட்ரினலின் அளவையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.